பூஜ்யத்துக்கு வராத முள்

ஏழாவது வளைவில் கார் நின்று ஒரு வாரம் ஆகிறது. அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். மாஸ்டர் மட்டும் பேசவில்லை.

பாப்பாவுக்கு முப்பத்தொரு வயது. அப்பா, அதாவது மாஸ்டர், கூப்பிட்ட பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. லேபில் அவளுக்குக் கீழே ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதற்காக அது உதிர்ந்துவிடவில்லை. தண்ணீரைப் பரிசோதிக்கும் லேப். மலை மேல் இருக்கும் நீர்த்தேக்கத்தில் புதிதாக ஒன்று கட்டி, அதன் பொறுப்பை அவளிடம் தருகிறார்கள். பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணிக்குச் சேர வேண்டும். சம்மதமா இல்லையா என்று நாளைக் காலைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

பாதையில் பதினோரு வளைவுகள். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. கார் ஏறினால் தினமும் போய் வரலாம். ஏறாவிட்டால் மேலேயே குவார்ட்டர்ஸில் தங்கி, வாரம் ஒருமுறை கீழே வரலாம். கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகிறது. அவள் கணவனுக்கு, அந்த வீட்டு மாப்பிள்ளைக்கு, லேத் பட்டறையில் வேலை. பட்டறை மலை ஏறாது.

அதனால்தான் நத்தை வந்தது.

டர்போ என்று அதை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. பழைய சாமான் கடையில், எந்தக் காரிலிருந்தோ கழற்றிப் போட்டிருந்ததை மாப்பிள்ளை தூக்கிக்கொண்டு வந்திருந்தான். சாப்பாட்டு மேஜையில், செய்தித்தாள் விரித்து, அதன் மேல் உட்கார்ந்திருந்தது. சுருண்ட இரும்பு ஓடு. உள்ளே இரண்டு சின்னச் சக்கரங்கள், ஒரே தண்டில். இன்ஜின் துப்புகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அது சுற்றினால் மற்றதும் சுற்றும். சுற்றி, வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோலும் கூட எரியும். இழுவை கூடும்.

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள கொண்டு வந்தா முன்பணம் வாபஸ். அஞ்சு ஒண்ணுக்கு வந்தா அது உங்க வீட்டு நத்தை" என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டரை மணி.

"மாப்பிள்ளை, சாப்பிடுற இடத்துல அதை வெச்சா எனக்குத் தொண்டையில இறங்கல" என்றார் மாஸ்டர்.

"நல்லா துடைச்சுட்டேன் மாமா."

"துடைச்சாலும் அது என்னையே பார்க்குது."

மாஸ்டர் இருபத்தாறு வருடம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். முழங்கால் ஒத்துழைக்காமல் இரண்டு வருடம் முன்பு மூடினார். கடைசியாக மிஞ்சிய காரில் தன் பக்கத்து பிரேக்கையும் கிளட்ச்சையும் கழற்றி, கூரைமேல் இருந்த பலகையை இறக்கி, மகளுக்கும் மருமகனுக்கும் கொடுத்தார். மூன்று சிலிண்டர், சின்ன இன்ஜின். இருவருக்கும் அதிலேயே ஓட்டவும் கற்றுக்கொடுத்தார். மூன்றாம் நாள் பாப்பா பிரேக்கை விட்டு ஆக்சிலேட்டரை மிதித்து எதிர்வீட்டு கேட்டைச் சாய்த்தாள். முதல் அத்தியாயத்திலிருந்து படிப்பவர்களுக்கு அந்த கேட் ஞாபகம் இருக்கும்.

பாப்பா ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்திருந்தாள். ஒரு பக்கம் 'போடலாம்'. மறுபக்கம் 'வேண்டாம்'. வேண்டாம் பக்கம் தாளின் அடிவரை வந்து, ஓரத்தில் திரும்பி மேலே ஏறிக்கொண்டிருந்தது.

"நம்ம இன்ஜின் உள்ளே வர்ற காத்தை ஏற்கெனவே பத்துல ஒரு பங்கா நசுக்குது. நீங்க வெளியிலேர்ந்தும் நசுக்கி அனுப்பினா, ஸ்பார்க் வர்றதுக்கு முன்னாடியே தானா வெடிக்கும். பிஸ்டன் போயிடும்."

"கொஞ்சமா அழுத்துவோம் மேடம். கால் பார் அழுத்தம்தான். சூடான டீயை ஊதுற அளவு."

"அந்த ஊதலுக்கே பெட்ரோல் கூட ஊத்தணும். அதுக்கு வண்டியோட கம்ப்யூட்டரை மாத்தணும். நத்தைக்கு ஆயில் குழாய் இழுக்கணும். சூடான காத்தைக் குளிர வைக்கணும். இவ்வளவும் குளியலறைக் கூரைக்குள்ள அடங்குமா?"

கூரைக்காக எடுத்து வைத்ததுதான் மொத்த பட்ஜெட். குளியலறையில் ஒரு வாளி சொட்டுத் தண்ணீரை வாங்கிக்கொண்டு ஒரு வருடமாகக் காத்திருக்கிறது.

"ஆயில் குழாய் நானே செய்வேன். அதை மாட்டுற ஃபிளாஞ்ச் தகட்டையும் நானே கடைஞ்சிடுவேன்."

"கம்ப்யூட்டரையும் லேத்துல கடைஞ்சிடுவீங்களா, டர்னர் சார்?"

சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மேனேஜரம்மா. பாப்பாவின் அம்மா. இருபத்தாறு வருடமும் டிரைவிங் ஸ்கூல் ஆபீஸில் உட்கார்ந்து, ஊரார் லைசென்ஸுக்கெல்லாம் ஃபாரம் நிரப்பிக் கொடுத்ததில் வந்த பெயர். ஸ்டியரிங்கை மட்டும் தொட்டதில்லை. "அந்தப் பெட்டி பக்கமே நான் போகமாட்டேன்" என்பார்.

கையைத் துடைத்துக்கொண்டே வந்தவர் கேட்டார். "ஏழாவது வளைவுல ரெண்டாவது கியர்ல போனியா, முன்னாடியே ஒண்ணுக்கு இறக்கிட்டியா?"

மூன்று பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன? நான் கேக்கக்கூடாதா? காதுல விழுந்ததுதான்." மேனேஜரம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மாஸ்டர் தன் தம்ளருக்குள் எதையோ தேடினார்.

"அம்மா கேட்டதுக்குப் பதில், ஒண்ணுலதான் போனேன்" என்றாள் பாப்பா. "தரையோட தரையா மிதிச்சேன். நின்னுடுச்சு. பின்னாடி உருண்டுச்சு. ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் உக்காந்திருந்தேன்." தாளைத் தள்ளி வைத்தாள். "எனக்கு அந்த வேலை வேணும்ப்பா. இவரை விட்டுட்டு மேல போய் இருக்கவும் முடியாது."

மாப்பிள்ளை நத்தையைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தான். அதற்கு ஆறுதல் சொல்வதுபோல.

"மலையில எல்லாம் எதுக்கு" என்றார் மாஸ்டர். யாரையும் பார்க்காமல்.

மாப்பிள்ளை ஒரு வேலையை நேற்றே முடித்திருந்தான். டர்போவுக்கு முன்னாலேயே டர்போவின் மீட்டரை வாங்கி டாஷ்போர்டில் ஒட்டி, காற்றுக்குழாயிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் டியூபை இழுத்து மாட்டியிருந்தான்.

"கல்யாணம் நிச்சயமாகறதுக்குள்ள ஸ்கூல் பையும் வாங்கிட்டீங்க" என்றாள் பாப்பா.

"விலை கம்மியா இருந்துச்சு. லைட் கூட எரியும்."

"சரி, வாங்க. ஒரு சுத்து சுத்திட்டு வந்து முடிவு பண்ணலாம்."

டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் அவள் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"யாரு சீட்டை இவ்வளவு முன்னாடி தள்ளினது?"

"நானா? என் காலை வெச்சா?" என்று தன் நீளக் காலைக் காட்டினான் அவன்.

செவ்வாயும் வெள்ளியும் அவள் லேப் வேனில் போய்விடுவாள். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று அன்றைக்கெல்லாம் மாஸ்டர் காரை ஒரு சுற்று எடுத்துப் போவார். அவர்தான் தள்ளியிருக்க வேண்டும். அவள் சீட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

மீட்டரின் நடுவில் பூஜ்யம். வலது பக்கம் போனால் அழுத்தம். அது டர்போ வந்தால்தான். இடது பக்கம் உறிஞ்சுதல். கார் சும்மா நின்று உறுமும்போது முள் இடது கோடியில் இருந்தது. ஊருக்கு வெளியே நேரான ரோட்டில் மேம்பாலம் ஏறும்போது அவள் ஆக்சிலேட்டரைத் தரைவரை அழுத்தினாள். முள் நடுவை நோக்கி வந்தது. வந்து, பூஜ்யத்துக்குப் பாதி தூரம் இருக்கும்போதே நின்றுவிட்டது.

"முழுசா மிதி" என்றான்.

"மிதிச்சுட்டேன்."

பாலத்தைத் தாண்டி ஓரம் கட்டினாள். இடம் மாறினார்கள். அவன் மிதித்தான். முள் அதே இடத்தில் நின்றது, மயிரிழை தப்பாமல்.

அவள் பேசாமல் வந்தாள். அவள் பேசாவிட்டால் மனசுக்குள் எதையோ கணக்குப் போடுகிறாள் என்று இரண்டு வருடத்தில் அவனுக்குத் தெரிந்திருந்தது.

"முள் பூஜ்யத்துக்கு வந்தாகணும்" என்றாள் கடைசியில். "ஆக்சிலேட்டரை மிதிச்சா என்ன ஆகுது? காத்து வர்ற வழியில இருக்குற கதவு திறக்குது. அவ்வளவுதானே. முழுசாத் திறந்துட்டா வெளியே இருக்குற காத்தும் உள்ளே இருக்குற காத்தும் ஒண்ணு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கக்கூடாது. இங்க இருக்கு."

"மட்டமான மீட்டர். தப்பாக் காட்டும்."

"வண்டியை ஓரம் கட்டி அணைங்க."

அணைத்தான். முள் நேராகப் பூஜ்யத்தில் வந்து நின்றது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அப்ப கதவு முழுசாத் திறக்கல" என்றாள்.

"போன வாரமே கையால திருகிப் பார்த்தேனே. சரக்குன்னு முழுசாத் திறந்துச்சே."

"கையால" என்றாள் அவள்.

வீட்டுக்கு வந்து, ஷெட்டில் நிறுத்தி, பானெட்டைத் திறந்தார்கள். காற்றுக்குழாயைக் கழற்றி அவள் டார்ச் அடித்தாள். உள்ளே வட்டமாக ஒரு பித்தளைத் தகடு, அவள் சொன்ன கதவு.

"மிதிங்க."

தகடு புரண்டது. பாதியில் நின்றது.

"இன்னும்."

"இதுக்கு மேல என் கால் தரைக்குள்ளதான் போகணும்."

அவள் விரலை விட்டுத் தள்ளினாள். தகடு மீதியும் புரண்டு, காற்றுக்கு முழு வழி விட்டது. விரலை எடுத்ததும் பாதிக்கே திரும்பியது.

ஆக, குறை இன்ஜினில் இல்லை. காலுக்கும் தகட்டுக்கும் நடுவில்.

அவள் டிரைவர் பக்கம் போய், தலையை உள்ளே விட்டு, தரையில் கவிழ்ந்து படுத்தாள். கறுப்பு ரப்பர் மேட். அந்த மேட்டை யாரும் கழற்றக் கூடாது என்பது மாஸ்டர் போட்ட சட்டம். கிளிப் உடைந்துவிடுமாம். ஒவ்வொரு ஞாயிறும் அவரே கழற்றி, அவரே கழுவி, அவரே மாட்டுவார். இன்றைக்கு இன்னும் கழுவவில்லை.

கிளிப் உடையவில்லை. மேட் சுலபமாக வந்தது.

அடியில் ஒரு மரக்கட்டை இருந்தது. இரண்டு விரல் உயரம். ஆக்சிலேட்டர் தரையைத் தொட வேண்டிய இடத்தில், இரண்டு ஸ்குருவில் கச்சிதமாகப் பொருத்தியிருந்தது.

"ஸ்குரு டிரைவர் குடுங்க" என்றாள் பாப்பா. குரல் மாறியிருந்தது.

கட்டையின் மேல் முகம் முழுக்கப் பேனா எழுத்து. மாஸ்டரின் கையெழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக, எறும்பு ஊர்ந்ததுபோல. 'டெய்லர்'. 'நர்ஸ்'. 'பெரிய மீசை'. 'பேங்க்'. 'நர்ஸ் தங்கச்சி'. ஒவ்வொரு பெயர் மேலும் ஒரு குறுக்குக்கோடு. கடைசி இரண்டு பெயர்கள் மேல் மட்டும் கோடு இல்லை.

'மாப்பிள்ளை'. 'பாப்பா'.

நிமிர்ந்தபோது ஷெட் வாசலில் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் மேட் கழுவுகிற பிரஷ்.

"இது என்னப்பா?"

"அது... பழக வர்றவங்களுக்கு வைக்கிறது."

"தெரியுது. என்னைக்கு எடுப்பீங்க?"

"பத்தாம் நாள்."

"எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு."

மாப்பிள்ளை கட்டையை வாங்கிப் படித்தான். "மாமா, எனக்குமா?" என்றான் பரிதாபமாக. "பெரிய மீசைக்குக் கூட கோடு போட்டிருக்கீங்க. அந்த ஆள் வாய்க்கால்ல வண்டியை விட்டவர்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நீங்க ஓட்டும்போதும் பக்கத்துல பாப்பாதானே மாப்பிள்ளை உக்கார்றா."

அவன் கட்டையைப் பாப்பாவிடமே திருப்பிக் கொடுத்தான். அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"ஒரு வாரமா நாங்க நத்தையைத் தூக்கிக்கிட்டு அலையறோம். இவர் லீவு போட்டுக் கடை கடையா ஏறி இறங்கினார். நான் தாள் தாளா எழுதினேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? ஏழாவது வளைவுல நான் பின்னாடி உருண்டேன்ப்பா. தெரியுமா உங்களுக்கு?"

மாஸ்டர் பிரஷ்ஷின் முடியை ஒரு பக்கமாகத் தடவினார்.

"பத்தாம் நாள் எடுக்கத்தான் வந்தேன். ஸ்குரு டிரைவர் கூடக் கையில இருந்துச்சு. நீ அன்னைக்குப் பாட்டுப் பாடிக்கிட்டே வண்டியை உள்ளே கொண்டாந்து நிறுத்தினே. ஒரு கையில ஸ்டியரிங். எடுக்க மனசு வரல. அடுத்த வாரம் பார்த்துக்கலாம்னு நினைச்சேன். அடுத்த வாரமும் நீ பாடினே."

"நான் கேட்டது இந்த ஒரு வாரத்தை."

"சொல்லணும்னுதான் இருந்தேன். உருண்டேன்னு வந்து சொன்னியே, அன்னைக்கு ராத்திரி முழுக்க உக்காந்திருந்தேன். நான் வெச்ச கட்டைதான்னு தெரியும். சொன்னா எடுத்துடுவே. எடுத்தா நீ மலைக்குப் போவே." அவர் குரல் இறங்கியது. "சமதரையில நீ யார்மேல மோதினாலும் நான் போய்ப் பேசிக்குவேன் பாப்பா. மலையில நான் யார்கிட்டப் போய்ப் பேச?"

மேனேஜரம்மா வாசலில் எட்டிப் பார்த்தார். மகள் கையில் இருந்த கட்டையைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

பாப்பாவுக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அது நிற்க இடமில்லாமல் தடுமாறியது. கட்டையைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"வாங்க" என்றாள்.

"எங்க?"

"மேல. பக்கத்துல உக்காருங்க. உங்களுக்கு பிரேக் கிடையாது, ஞாபகம் வெச்சுக்குங்க."

மாப்பிள்ளை பின்சீட்டில் ஏறினான். இறங்கும்போது கொடுத்துவிடலாம் என்று நத்தையையும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அப்படித்தான் அந்த டர்போ, எந்த இன்ஜினிலும் மாட்டப்படாமல், மலை ஏறியது.

முதல் மூன்று வளைவுகளில் மாஸ்டர் கண்ணாடிக்கு மேலே இருந்த பிடியை விடவில்லை. நான்காவதில் அவர் வலது கால் தானாக நீண்டு வெறும் தரையை அழுத்தியது. இருபத்தாறு வருடம் பிரேக் இருந்த இடம்.

"அப்பா, தரை பிரேக் பிடிக்குதா?" என்றாள் பாப்பா.

"கொஞ்சம் லூஸா இருக்கு" என்றார் மாஸ்டர்.

பின்சீட்டில் மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முடியாமல் நத்தையின் மேல் குனிந்துகொண்டான்.

ஆறாவது வளைவு தாண்டியதும் யாரும் சிரிக்கவில்லை. ஏழாவது, வலது கைப்பக்கம் மடங்கிச் செங்குத்தாக ஏறும். ஓரத்தில் வெள்ளையடித்த கல். போன வாரம் அந்தக் கல்லுக்கு இரண்டு முழம் முன்னால் நின்றிருந்தாள்.

"வளையறதுக்கு முன்னாடியே ஒண்ணுக்கு இறக்கிடு" என்றார் மாஸ்டர்.

இறக்கினாள். வளைத்தாள். மிதித்தாள்.

அவள் கால் பழகியிருந்த தரை அங்கே இல்லை. அதற்குக் கீழேயும் இடம் இருந்தது. ஒரு நொடி, மாடிப்படியில் கடைசிப் படி இருக்கிறது என்று நினைத்துக் கால் வைத்தவள்போலத் திடுக்கிட்டாள். பிறகு மீதியையும் அழுத்தினாள். இன்ஜின் அவள் இதுவரை கேட்டிராத குரலில் கத்தியது.

"முள்ளு!" என்றான் மாப்பிள்ளை. "மேடம், முள்ளு!"

பூஜ்யம்.

கார் பறக்கவில்லை. மூன்று ஆளும் ஒரு நத்தையும் இருக்கிற சின்னக் காருக்கு எப்படி மூச்சு வாங்குமோ அப்படி வாங்கியது. ஆனால் நிற்கவில்லை. வெள்ளைக் கல் பக்கத்தில் வந்தது. பின்னால் போனது.

மேலே நீர்த்தேக்கத்தின் சுவரோரம் புதுக் கட்டடம் நின்றது. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. பாப்பா ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டி உள்ளே பார்த்தாள். நீள மேஜை. இரண்டு வாஷ் பேசின். தண்ணீரைப் பார்த்தபடி ஒரு நாற்காலி, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.

மாஸ்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கினார். சுவருக்கு அப்பால் கீழே வளைந்து வளைந்து கிடந்த ரோட்டைப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார்.

"பேனா இருக்கா?"

அவள் கைப்பையிலிருந்து பேனாவையும் கட்டையையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் கட்டையின் பக்கவாட்டை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, கார் பானெட்டின் மேல் வைத்து, 'பாப்பா' என்ற பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். மெதுவாக, ஸ்கேல் வைத்ததுபோல நேராக.

"மாமா, எனக்கு?"

"நீங்க இறங்கும்போது ஓட்டுங்க. பார்க்கலாம்."

"நான் வெச்சுக்கறேன் அதை" என்று மாஸ்டர் கட்டையைச் சட்டைப் பைக்குள் போடப் பார்த்தார். நுழையவில்லை. பாப்பா வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

கடைக்கு வந்தபோது மணி நாலு நாற்பது. மாப்பிள்ளை நத்தையைக் கவுண்டரில் வைத்தான். வைத்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

"என்னாச்சு, ஒத்து வரலையா?" என்றார் கடைக்காரர்.

"வண்டி மூடியோட ஓடிக்கிட்டிருந்துச்சுங்க. திறந்துட்டோம்."

கடைக்காரருக்குப் புரியவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மீட்டரை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று மாப்பிள்ளை சொன்னான். யாரும் கேட்கவே இல்லை. காருக்குத் திரும்பும்போது பாப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க அவசரப்பட்டு அந்த மீட்டரை வாங்கலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள். அவன் காதுவரை சிவந்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு படுத்துவிட்டார். மாப்பிள்ளை குளியலறைக் கூரையை அளக்க டேப்போடு போனான். சாயங்கால வெளிச்சம் ஷெட்டுக்குள் சாய்வாக விழுந்திருந்தது. பாப்பா கட்டையைப் பையிலிருந்து எடுத்தாள். ஆணி அடித்துச் சுவரில் மாட்டலாம் என்று நினைத்தாள். பக்கவாட்டில் மண் அப்பியிருந்தது. துணியை நனைத்துத் துடைத்தாள்.

மண்ணுக்கு அடியிலும் எழுத்து இருந்தது. மேல் முகத்தில் இடமில்லாமல் போனதால் பக்கவாட்டில் எழுதியிருந்தார். மற்ற எழுத்தெல்லாம் மங்கிப் பழுப்பாகியிருக்க, இது மட்டும் புது நீலம்.

'மேனேஜர். லைசென்ஸ் டெஸ்ட் 17, செவ்வாய், காலை 8.'

கோடு போடவில்லை.

அவள் இரண்டு முறை படித்தாள். முன்னால் தள்ளியிருந்த சீட் ஞாபகம் வந்தது. இரண்டாவது கியரா, ஒண்ணா என்று கேட்ட குரல். பேட்டரிக்காக மாஸ்டர் எடுத்துப்போன அத்தனை செவ்வாய், வெள்ளி. பதினேழாம் தேதி, எட்டு மணி. அதே காலையில் மலை மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காத ஒரு நாற்காலி.

"படிச்சுட்டியா?"

மேனேஜரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகியிருந்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

"அம்மா, நீ... எங்க போறதுக்கும்மா?"

"முதல்ல ஓட்டத் தெரியட்டும். அப்புறம் சொல்றேன்."

"தேதி பார்த்தியா?"

"பார்த்தேன். உன் லெட்டர்லயும் பார்த்தேன். நீ சம்மதம்னு எழுது. அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

மேனேஜரம்மா டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். உட்கார்ந்து, குனிந்து, ஒரே இழுப்பில் சீட்டை முன்னால் கொண்டுவந்தார். டக். பல நாள் பழகிய கை. கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.

"ஏழு நாள்தான் ஆச்சு எனக்கு. பத்து ஆகல. பரவாயில்ல. அந்தக் கட்டை இல்லாம எப்படி இருக்குன்னு நானும் பார்க்கணும்." மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். "சாவியைக் குடு பாப்பா."

பாப்பா கையை முன்னால் நீட்டினாள்.

அதில் சாவி இல்லை. கட்டை இருந்தது. விரல்கள் அதை இறுக்கிப் பிடித்திருந்தன.